நாக்குக்கு அடியில் மூன்று வருஷம்

எனக்கு மூச்சு இழுக்கிறது என்று சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். "கோத்தகிரியில இருந்துக்கிட்டா?" என்பார்கள். திருப்பூரிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் சித்தப்பா, காலையில் நான் விடாமல் தும்முவதைப் பார்த்துவிட்டு, "சுத்தமான காத்து உன் மூக்குக்குச் சேரலையாட்டம் இருக்குது கண்ணு" என்றார். கேலிதான். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் அடங்கவே இல்லை. மலைக்காற்றை நம்பி ஜனங்கள் பஸ் ஏறி வருகிற ஊரில் இருந்துகொண்டு, இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைவது ஏதோ ஊருக்கே செய்கிற துரோகம் போல இருந்தது. அந்த இழுப்புக்குக் காரணம் தேடி, நாக்குக்கு அடியில் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட கதை இது.

மலை என்றால் ஆரோக்கியம் என்ற எண்ணம் வெள்ளைக்காரர்கள் விதைத்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே ஏறி வந்து, இங்கே பக்கத்தில் கன்னேரிமுக்கில் பங்களா கட்டிக்கொண்ட காலத்திலிருந்தே, காய்ச்சலில் வாடிய அதிகாரிகள் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடம் நீலகிரி. ஐரோப்பாவிலும் இதே நம்பிக்கை உண்டு. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூருக்கு முதலில் காசநோயாளிகள் போனார்கள், பிறகு ஆஸ்துமாக்காரர்கள். நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் ஆஸ்துமா நோயாளிகளுக்காக அங்கே தனி மையமே நடத்தினார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை, காரணம் இருக்கிறது. டாவோஸ் சுமார் 1560 மீட்டர் உயரம், காற்று வறண்டது, அதனால் வீட்டுத் தூசியில் வாழும் டஸ்ட் மைட் என்ற நுண்ணிய உண்ணி அங்கே பெருக முடியாது. இந்தத் தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் நீண்ட நாள் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்து செத்துவிடும்.

கோத்தகிரி டாவோஸைவிட உயரம், ஏறக்குறைய 1800 மீட்டர். ஆனால் இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்தால் துவைத்த துணி ஒரு வாரம் காயாது. செருப்பில் பச்சைப் பூஞ்சை பூக்கும். உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். அப்புறம் கம்பளிகள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கம்பளி, கல்யாணத்துக்கு வந்த ரஜாய், யாரோ விட்டுப்போன போர்வை எல்லாம் ட்ரங்குப் பெட்டியில் கிடந்து, குளிர் வந்ததும் வெளியே வரும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அந்த உண்ணிக்குச் சாப்பாடு, நம் உடம்புச் சூடுதான் அதற்குக் கணப்பு. வெளியே எவ்வளவு குளிர்ந்தால் என்ன, கம்பளிக்குள் அதற்கு எப்போதும் வசந்த காலம்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் குற்றவாளி இல்லை

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. இந்த மலையில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதல் பழி சீகை மரத்துக்குத்தான், அதாவது வாட்டில் மரத்துக்கு. வருஷ ஆரம்பத்தில் சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது, "பூ வந்துருச்சு, இனி மூக்கு ஒழுகும்" என்று ஊரே சொல்லும். அடுத்த பழி பைன் மரத்துக்கு, அதன் மகரந்தம் காரின் மேல் மஞ்சள் மாவு போலப் படிவதால். இரண்டுமே பெரும்பாலும் அப்பாவிகள். சீகையின் மகரந்தம் கனமானது, பூச்சிகளை நம்பியது, தூரம் போகாது. பைன் ஏராளமாகத் தூவும், ஆனால் ஒவ்வாமை உண்டாக்குவது அபூர்வம். ஊட்டிப் பக்கம் கம்பீரமாக நிற்கிற சைப்ரஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மத்தியதரைக்கடல் நாடுகளில் குளிர்காலத்து மூக்கடைப்புக்குப் பேர்போன மரங்கள் அந்த வகையறாதான். கண்ணுக்குத் தெரிவதைத்தான் மூக்கும் வெறுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

பரிசோதனைக்குக் கீழே கோயம்புத்தூர் போனேன். முதலில் போன இடத்தில் கையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஏகப்பட்ட சொட்டுகளை வைத்துக் குத்தினார்கள். மாலையில் ஒரு நீளமான அச்சடித்த பட்டியல் கிடைத்தது. தூசி, கரப்பான், நாய்முடி, அதற்குக் கீழே கத்தரிக்காய், தக்காளி, கடலை, எலுமிச்சை. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே பாட்டிலில் மருந்து கலந்து தருகிறோம் என்றார்கள். அம்மா அந்தப் பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்து, மாதக்கணக்கில் கத்தரிக்காய் வாங்கவே இல்லை. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு இல்லாத வீட்டில் தும்மல் மட்டும் அப்படியே இருந்தது. மருந்தை நான் தொடங்கவில்லை.

அப்புறம் பள்ளியில் ஒருவர் சொல்லி வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் ஊசியை எடுப்பதற்கு முன்னால் வெகுநேரம் பேசினார். "எந்த ரூம்ல ஆரம்பிக்குதுங்க டீச்சர்? எந்த நேரத்துல? ஸ்கூல்ல இருக்கும்போது எப்படி? ஊருக்குப் போனா எப்படி?" பதில் சொல்லச் சொல்ல எனக்கே விஷயம் தெளிவாகிக்கொண்டு வந்தது. படுக்கை மடிக்கும்போது தும்மல், சாக்பீஸ் தூசியில் ஒன்றும் இல்லை, கோடையில் திருப்பூர் போனால் பாதி குறைவு. பிறகுதான் தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட், அதுவும் சில பொருட்களுக்கு மட்டும். அதற்குச் சில நாள் முன்னாலேயே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார். கால் மணி நேரத்தில் டஸ்ட் மைட் வைத்த இடம் கொசு கடித்த மாதிரி எழும்பி நின்றது. வேறு ஒன்றிரண்டு இடங்களும் லேசாகத் தடித்தன. அவற்றைக் காட்டி அவர் சொன்னதை மறக்க மாட்டேன்: "தோல் தடிச்சா அது உங்களுக்கு நோய்னு அர்த்தம் இல்லீங்க. உங்க கதையோட ஒத்துப் போகணும்." கத்தரிக்காய் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

குன்னூரில் எல்லோருக்கும் தெரிந்த யோசனை

மருந்து எளிமையானது. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே அளந்து உடம்புக்குக் காட்டுவது. எனக்கென்றால் தூசி உண்ணியின் சாறு. காலையில் சொட்டை நாக்குக்கு அடியில் விட்டு, ஒன்றிரண்டு நிமிஷம் விழுங்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு விழுங்கலாம், கொஞ்ச நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. இதைக் கேட்ட அம்மா, "உனக்கு ஆகாதுன்னு சொல்லிப்போட்டு அதையே குடிக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட் இருக்கிற மாவட்டத்தில் இந்த யோசனை யாருக்கும் புதிதாக இருக்கக்கூடாது. 1907இலிருந்து நாய்க்கடிக்கு மருந்து என்றால் குன்னூர்தானே. அது தொடங்கி நான்கு வருஷம் கழித்து, 1911இல், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்ற டாக்டர் புல் மகரந்தத்தைக் கரைத்து, சிறு சிறு அளவாக ஊசியில் ஏற்றி, மகரந்தத் தும்மல்காரர்களுக்குத் தாங்கும் சக்தி கூடுகிறது என்று எழுதினார். மகரந்தத்துக்குள் ஏதோ நஞ்சு இருக்கிறது, அதற்குத் தடுப்பு மருந்து போடுகிறோம் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பு, விடை சரி. ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நூன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1913இல் காசநோயில் போய்விட்டார், வேலையை அவருடைய சகா ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார்.

ஊசியிலிருந்து நாக்குக்கு வந்த கதையில் ஒரு பயமும் இருக்கிறது. 1986இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, அதுவரையான சுமார் முப்பது வருஷத்தில் இந்த ஊசிகளால் 26 பேர் இறந்ததாகக் கணக்குக் காட்டியது. ஊசி போட்டபின் உடம்பு மொத்தமும் ஒரேயடியாகப் பொங்கினால், உடனே காப்பாற்ற ஆளும் கருவியும் பக்கத்தில் வேண்டும். அதே 1986இல்தான் கிளெனிஸ் ஸ்கேடிங்கும் ஜொனாதன் பிராஸ்டாஃபும் தூசி உண்ணிச் சாற்றை நாக்குக்கு அடியில் கொடுத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். எது மருந்து, எது வெறும் திரவம் என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை இதை ஊசிக்கு மாற்றாக ஏற்றது. பிறகு மாத்திரைகள் வந்தன. ஐரோப்பாவில் 2006இல் புல் மகரந்தத்துக்கு, அமெரிக்காவில் 2014இல் புல்லுக்கும் 2017இல் தூசி உண்ணிக்கும் அனுமதி கிடைத்தது.

நாக்கின் அடி ஏன்? உணவோடு நாள் முழுதும் நூறு அந்நியப் பொருள் போய்வரும் இடம் வாய். அங்குள்ள காவல் செல்கள் சண்டைக்காரர்கள் இல்லை, சகித்துப் பழகியவர்கள். உள்ளே வந்த புரதத்தைத் தாடைக்குக் கீழுள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டி, "இதை விட்டுவிடலாம்" என்று சொல்கிற ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை உருவாக்க உதவுகின்றன. இந்த டி செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு. கூடவே ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பெருகி, ஐஜிஇயை முந்திக்கொண்டு அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை பெரிய ஏற்பாடு உள்ளே நடக்கிறது, எனக்குத் தெரிந்ததோ நாக்கடியில் அரிப்பும் தொண்டையில் கரகரப்பும்தான். முதல் வாரங்களில் அது பலருக்கும் சகஜம் என்றார் டாக்டர். முதல் சொட்டை மட்டும் தன் எதிரிலேயே போடச் சொல்லி அரை மணி நேரம் உட்கார வைத்தார். வாயில் புண் இருந்தாலோ பல் பிடுங்கினாலோ ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொடங்கவே மாட்டார்களாம்.

ஊசி இன்னும் கொஞ்சம் பலமானது என்று நினைக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதமே தேவைப்படவில்லை. ஊசி என்றால் ஆரம்பத்தில் வாராவாரம் போக வேண்டும், போட்டபின் அரை மணி காத்திருக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை போய், காத்திருந்து, மறுபடி மலை ஏறினால் ஒரு நாள் போயிற்று. மழையில் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒருத்தி வாரம் ஒரு நாள் கூலியை விட முடியுமா? மலையில் இருப்பவர்களுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போல எனக்கு இந்தச் சொட்டு தோன்றியது. ஒரே சிக்கல் குளிர்பெட்டி. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். "கோத்தகிரிக் குளுருக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு, சன்னல்ல வெச்சாப் போதாதா" என்றார் அம்மா. போதாது.

ஒன்றும் நடக்காத வருஷங்கள்

இப்படி வீட்டிலேயே போட்டுக்கொள்கிற வசதிதான் இதன் பெரிய பலவீனமும் என்பது என் கட்சி. ஊசிக்குப் போனால் நர்ஸ் ஒருவர் அட்டையில் தேதி போடுவார், வராவிட்டால் போனில் கேட்பார். நாக்குக்கு அடியில் விடுகிற சொட்டை யாரும் கேட்பதில்லை. நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருந்துக்கடைப் பதிவுகளைப் பார்த்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. குறைந்தபட்சம் என்று சொல்லப்படும் மூன்று வருஷத்தை முடித்தவர்கள் ஊசிக்காரர்களில் 23 சதவீதம், சொட்டுக்காரர்களில் 7 சதவீதம். நூற்றுக்கு ஏழு! அங்கே மலைப்பாதையும் இல்லை, மண்சரிவும் இல்லை.

நீலகிரித் தைலத்தை வெந்நீரில் விட்டு ஆவி பிடித்தால் அந்த நிமிஷமே மூக்கு திறக்கிறது. செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் தும்மல் நிற்கிறது. இந்தச் சொட்டைப் போட்டால் அன்றைக்கு எதுவும் நடப்பதில்லை. அடுத்த மாதமும் பெரிதாக இல்லை. வேலை செய்கிறதா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், நம் பதிலோ அன்றைய மூக்கைப் பொறுத்தது.

இரண்டாவது வருஷத்து ஐப்பசியில் எனக்கு நன்றாகவே இழுத்தது. சனிக்கிழமை இரவு, விடாத மழை, நெஞ்சுக்குள் விசில். அம்மா தைலத்தோடு வந்து உட்கார்ந்தார். "இத்தனை நாளா அந்தத் தண்ணிய ஊத்திக்கிட்டிருக்கற. காசுதான் போகுது" என்றார். எனக்கும் பதில் இல்லை. பாட்டில் தீரும் நிலையில் இருந்தது. அடுத்ததற்குச் சொல்ல வேண்டாம் என்று அன்றைக்கு இரவே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை பள்ளி முடிந்து செட்ரிசின் வாங்க எப்போதும் போகிற மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "என்ன டீச்சர், டிரான்ஸ்ஃபர் ஆயிப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன். ஆளையே காணோம்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அதே ஊரில்தான் இருக்கிறேன், அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் போகிறேன்.

அங்கே எனக்குப் பற்று நோட்டு உண்டு, மாசச் சம்பளத்தில் கணக்கு முடிப்பது. புரட்டிக் காட்டச் சொன்னேன். முந்தின மழைக்காலத்தில் என் பெயருக்கு நேராக வாரம் தவறாமல் மாத்திரை அட்டை, இடையிடையே மூக்கு ஸ்பிரே, ஒரு தடவை ஸ்டீராய்டு மாத்திரை. இந்த மழைக்காலத்தில் அம்மாவின் பிபி மாத்திரைதான் திரும்பத் திரும்ப இருந்தது. என் சாமான் எப்போதாவது ஒன்று. நின்ற இடத்திலேயே நோட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் இருமிக் காட்டியபிறகுதான் நகர்ந்தேன். என் நினைவு வைத்திருந்தது அந்தச் சனிக்கிழமை இரவை மட்டும். தும்மாத காலைகளை அது கணக்கில் எடுக்கவே இல்லை. எப்படி எடுக்கும், தும்மாத காலையில் நடந்தது என்று சொல்ல என்ன இருக்கிறது?

டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார். ஆய்வுகளிலும் இப்படித்தான் பார்ப்பார்களாம். நோயாளி படுகிற அவஸ்தையையும், அவர் போட்டுக்கொண்ட மற்ற மருந்துகளையும் சேர்த்துத்தான் மதிப்பெண். ஆனால் நான் எதிர்பார்த்த பாராட்டைத் தரவில்லை. "ஒரே ஆளை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுங்க டீச்சர். போன வருஷத்தைவிட இந்த வருஷம் மழை குறைவா இருக்கலாம். உங்க அம்மா கம்பளியை மாத்தியிருக்கலாம்" என்றார். மாற்றித்தான் இருந்தார். பாட்டி காலத்துக் கம்பளி வாராந்திரம் வெந்நீரில் துவைக்கிற உறை போட்ட ரஜாய்க்கு இடம் விட்டிருந்தது. மருந்தில்லாத வெறும் திரவம் வாங்கியவர்களுக்குக்கூட ஆய்வுகளில் ஓரளவு குறைகிறதாம். சரி, அப்படியானால் நிறுத்தலாமா என்றேன். புல் மகரந்தத்துக்கு இரண்டு வருஷத்தோடு நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வைச் சொன்னார், 2017இல் வந்தது. மருந்து போட்ட காலத்தில் பலன் இருந்தது. நிறுத்தி ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வெறும் திரவம் வாங்கியவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூன்று வருஷம் போட்டவர்களுக்கு நிறுத்தியபிறகும் பலன் நின்றதைக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. புல்லுக்குப் பார்த்த கணக்கு தூசி உண்ணிக்கு அப்படியே பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பாதியில் நிறுத்துவதற்கு மட்டும் காரணம் எதுவும் தெரியவில்லை என்றார். போதிய ஆதாரம் இல்லாமலேயே அடுத்த பாட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டியது முதல் நாள். எந்தப் பொருளுக்குத் தடிக்கிறது, எந்தப் பாட்டில் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஒன்றும் நடக்காத மாதங்களை எப்படிக் கடப்பது, எதை வைத்து அளப்பது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. மாத்திரை எண்ணிக்கையை எழுதிவைக்க ஒரு காகிதம் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிற டீச்சர், என்னைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினாள். எட்டே மாதத்தில் அவளுக்குத் தும்மல் சுத்தமாக நின்றது. "நல்லாத்தான் இருக்கேன்க்கா, இனி எதுக்கு?" என்று விட்டுவிட்டாள். பலன் தெரியாமல் விடுகிறவர்கள் பாதி என்றால், பலன் தெரிந்து விடுகிறவர்கள் மீதி என்று நினைக்கிறேன். போன மாதம் மறுபடி மூக்கடைப்போடு வந்து, "உங்க பாட்டில்ல மிச்சம் இருந்தாக் குடுங்கக்கா, கீழ போக லீவு இல்ல" என்றாள். அவளுக்குத் தடித்தது கரப்பானுக்கு, எனக்குத் தூசி உண்ணிக்கு. அதுவும் போக, இவ்வளவு நாள் விட்டவள் என்னுடைய அளவில் திடீரென்று தொடங்கக்கூடாது. தர மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் டீ இடைவேளையில் தனியாக உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வந்து, பொங்கல் லீவில் போகிறேன், உங்கள் டாக்டர் சனிக்கிழமை இருப்பாரா என்று கேட்டாள்.